மாமல்லபுரத்துப் பூனையும் ஒரு பழைய வைரஸும்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது யானைகளைத்தான். சுமார் 96 அடி நீளமும் 43 அடி உயரமும் கொண்ட அந்தப் பாறையில், யானைகளுக்கு அருகிலேயே கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் ஒரு பூனை தெரியும். பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை! அதன் காலடியில் எலிகள்.

7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பியின் குறும்பு இது. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் ஒரு போலிச் சாமியார்ப் பூனையின் கதை உண்டு. கங்கைக் கரையில் தவம் செய்வதுபோல நடித்து, நம்பி வந்த எலிகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்க்கும் பூனை அது. அந்தக் கதைதான் இந்தப் பாறையிலும் இருக்கிறது என்பது பலரது கருத்து.

கதையில் பூனைக்குத்தான் வெற்றி. ஆனால் அறிவியல் சொல்லும் கதை வேறு மாதிரி. பூனைகள் காலம்காலமாக எலிகளைத் தின்றன. எலிகளும் சும்மா போகவில்லை, பூனை இனத்துக்கே ஒரு வைரஸைக் கொடுத்துவிட்டுப் போயின! அந்த வைரஸின் வரலாற்றைத் தொடர்ந்து போனால் கிளாஸ்கோ, கலிபோர்னியா என்று சுற்றிவிட்டுக் கடைசியில் சென்னைக்கும் தாம்பரத்துக்கும் வந்து சேர்கிறோம்.

ரெட்ரோவைரஸ் என்பது என்ன?

ஒரு கடையில் பேரேடு இருக்கிறது. அதைப் பார்த்து அவ்வப்போது துண்டுச் சீட்டில் விவரம் எழுதி வேலையாட்களிடம் கொடுப்பார்கள். சீட்டைப் பார்த்து வேலை நடக்கும், வேலை முடிந்ததும் சீட்டைக் கிழித்துப் போடுவார்கள். நம் உடலின் செல்லும் இப்படித்தான் இயங்குகிறது. டி.என்.ஏ. என்பது பேரேடு, ஆர்.என்.ஏ. என்பது துண்டுச் சீட்டு.

ரெட்ரோவைரஸ் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. அது வெளியிலிருந்து வரும் ஒரு துண்டுச் சீட்டு. உள்ளே நுழைந்ததும் தன்னிடம் உள்ள ஒரு நொதியைக் கொண்டு, சீட்டில் உள்ளதைப் பேரேட்டிலேயே பதிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பதிவை அழிக்க முடியாது. செல் பிரியும்போதெல்லாம் அந்தப் பொய்க் கணக்கும் சேர்ந்தே நகலாகும். இந்த நொதியை 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 1975இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பூனைகளைத் தாக்கும் ரெட்ரோவைரஸ்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பூனை ரத்தப் புற்றுநோய் வைரஸ், சுருக்கமாக எஃப்.இ.எல்.வி. இன்னொன்று பூனை எதிர்ப்பாற்றல் குறைப்பு வைரஸ், அதாவது எஃப்.ஐ.வி. இரண்டாவதைத்தான் பேச்சுவழக்கில் 'பூனை எய்ட்ஸ்' என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்.

எலி கொடுத்த கடன்

1975இல் பென்வெனிஸ்ட், ஷெர், டொடாரோ என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் பூனைகளின் மரபணுவை மற்ற விலங்குகளின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டுப் பூனையின் மரபணுவுக்குள்ளேயே எஃப்.இ.எல்.வி.யின் உறவுக்கார வைரஸ் ஒன்றின் துண்டுகள் கிடந்தன. அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன என்று தேடினால், விடை எலியின் முன்னோர்களிடம் போய் நின்றது. பூனையின் முன்னோர்கள் எலி இனத்திடமிருந்து அந்த வைரஸை வாங்கியிருக்கின்றன. வேட்டையாடித் தின்கிற பிராணிக்கு அது வர வாய்ப்பில்லையா என்ன?

அதோடு முடியவில்லை. வீட்டுப் பூனையின் மரபணுவில் ஆர்.டி.114 என்று இன்னொரு பழைய வைரஸும் இருக்கிறது. அது பபூன் குரங்கின் வைரஸுக்கு உறவு! மனிதன் தானியம் சேர்க்கத் தொடங்கி, தானியத்தைத் தேடி எலியும் எலியைத் தேடிப் பூனையும் ஊருக்குள் வருவதற்கு மிக முன்பே நடந்து முடிந்த கதை இது. பூனை மனிதனோடு பழகியதற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று சைப்ரஸ் தீவில் கிடைத்திருக்கிறது. சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதனுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்ட பூனை அது. அந்தப் பூனையின் பேரேட்டிலும் எலியின் கடன் ஏறியிருந்திருக்கும்.

கிளாஸ்கோ, 1964

1960களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரட் என்ற கால்நடை நோயியல் பேராசிரியருக்கு ஒரு விசித்திரமான செய்தி வந்தது. ஒரே வீட்டில் வளர்ந்த பல பூனைகளுக்கு அடுத்தடுத்து ஒரே வகைப் புற்றுநோய். புற்றுநோய் தொற்றாது என்பதுதான் அன்றைய பாடம். அப்படியானால் ஒரே வீட்டில் எப்படி?

ஜாரட் குழுவினர் நோயுற்ற பூனையின் திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது வைரஸ் துகள்கள் தெரிந்தன. 1964இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. கோழிகளில் வைரஸால் புற்றுநோய் வருகிறது என்று பெய்டன் ரௌஸ் 1911இலேயே காட்டியிருந்தார். ஆனால் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966இல்தான். 55 வருடக் காத்திருப்பு! அவ்வளவு மெதுவாகத்தான் மருத்துவ உலகம் அதை ஏற்றுக்கொண்டது.

1973இல் நியூயார்க்கில் வில்லியம் ஹார்டி குழுவினர், இந்த வைரஸ் ஒரு பூனையிடமிருந்து அடுத்த பூனைக்கு நேரடியாகப் பரவுகிறது என்று நிரூபித்தார்கள். எச்சில்தான் வழி. ஒன்றையொன்று நக்குவது, ஒரே தட்டில் தின்பது, தாய் குட்டிக்குப் பால் கொடுப்பது போன்ற பாசமான செயல்களிலேயே அது பரவுகிறது. ரத்தப் பரிசோதனையும் வந்தது. 1985இல் அமெரிக்காவில் முதல் தடுப்பூசி விற்பனைக்கு வந்தது.

பூனை சொல்லிக் கொடுத்த பாடம்

1981இல் அமெரிக்காவில் இளைஞர்கள் காரணம் தெரியாத ஒரு நோயால் சாகத் தொடங்கினார்கள். சாதாரணக் கிருமிகளைக்கூட எதிர்க்க முடியாமல் உடல் கைவிட்டது. என்ன நோய் என்று மருத்துவர்கள் திணறியபோது, "இது ரெட்ரோவைரஸாக இருக்கலாம்" என்று முதலில் யோசித்தவர்களில் சிலர் பூனை வைரஸில் பழகியவர்கள்!

அவர்களில் ஒருவர் ஹார்வர்டின் மேக்ஸ் எசெக்ஸ். எஃப்.இ.எல்.வி. பூனைகளைப் புற்றுநோயால் கொல்வதைவிட, எதிர்ப்பாற்றலைக் குலைத்து மற்ற நோய்களால் கொல்வதே அதிகம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொருவர் டான் பிரான்சிஸ். அவர் ஹார்வர்டில் பூனை வைரஸைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். அதற்கு முன்பு இந்தியாவில் பெரியம்மை ஒழிப்புப் பணியிலும் இருந்தவர். புதிய நோயின் அடையாளங்களைக் கேட்டதுமே அவருக்குப் பூனைகள்தான் நினைவுக்கு வந்தன.

1983இல் பாரிசில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொந்தாக்னியேவும் எச்.ஐ.வி.யைப் பிரித்தெடுத்தார்கள். அது ரெட்ரோவைரஸ்தான். பூனைகளை வைத்துப் போட்ட கணக்கு சரியாக இருந்தது.

1986: இரண்டு ஆய்வகங்கள்

இனிதான் வரலாற்றின் விசித்திரம்.

கலிபோர்னியாவின் பெட்டலூமா என்ற ஊரில், கைவிடப்பட்ட பூனைகளை ஒருவர் வளர்த்து வந்தார். அங்கே ஒரு கூண்டில் இருந்த பூனைகள் மட்டும் ஒவ்வொன்றாக இறந்தன. பரிசோதித்தால் எஃப்.இ.எல்.வி. இல்லை. ஆனால் அறிகுறிகள் எல்லாம் எய்ட்ஸ் போலவே இருந்தன. டேவிஸ் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் 1986இல் அந்தப் பூனைகளின் ரத்தத்திலிருந்து ஒரு புதிய வைரஸைப் பிரித்தார்கள். 1987இல் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தார்கள். நலமில்லாத 25 பூனைகளில் 10க்கும், நலமாக இருந்த 18 பூனைகளில் ஒன்றுக்கு மட்டும் தொற்று இருந்தது. மனிதனுக்குப் பரவுவதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதே கட்டுரையில் தெளிவாக எழுதினார்கள். அந்த வைரஸ்தான் இன்றைய எஃப்.ஐ.வி.

அதே 1986இல் சென்னையில் என்ன நடந்தது?

மதராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எச்.ஐ.வி. பற்றி ஆராயச் சொன்னார். எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், இங்கே வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமிருந்து நிர்மலா 80க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் பரிசோதிக்க வசதி இல்லாததால், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

ஒரே வருடத்தில் உலகத்தின் இரண்டு கோடிகளில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு வைரஸ்கள் வெளிச்சத்துக்கு வந்தன. ஒன்று கூண்டில் அடைபட்ட பூனைகளிடம், இன்னொன்று இல்லத்தில் அடைபட்ட பெண்களிடம். இரண்டு இடத்திலும் தேடப்பட்டவர்கள் மறுத்துப் பேச முடியாதவர்கள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு நடந்ததும் ஒரே மாதிரிதான். பயம், விலக்கு. எச்.ஐ.வி. உள்ளவர்களை மருத்துவமனைகளே திருப்பி அனுப்பிய காலத்தில், 1993 முதல் அவர்களைச் சேர்த்துக்கொண்டது தாம்பரம் காசநோய் மருத்துவமனை. 1928இல் டேவிட் சௌரி முத்து தொடங்கிய சானடோரியம் அது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனபோது தாம்பரம் அதற்குள் வந்தது.

நூற்றுக்கு எத்தனை பூனை?

சரி, இந்த வைரஸ்கள் பூனைகளிடம் எவ்வளவு பரவலாக இருக்கின்றன?

2004இல் வட அமெரிக்காவில் 18,038 பூனைகளைப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2006இல் வெளியாயின. எஃப்.இ.எல்.வி. 2.3 சதவீதம், எஃப்.ஐ.வி. 2.5 சதவீதம். 2017இல் வெளியான இன்னொரு ஆய்வில் 62,301 பூனைகள். அதில் 3.1 சதவீதமும் 3.6 சதவீதமும். ஆனால் 1980களின் இறுதியில் ஜப்பானில் நோயுற்ற பூனைகளைப் பார்த்தபோது எஃப்.ஐ.வி. சுமார் 44 சதவீதம்!

ஏன் இவ்வளவு வித்தியாசம்? 'யாரை எண்ணினோம்' என்பதில்தான் விடை இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைகளை எண்ணினால் எண் சிறிதாக வரும். தெருவில் திரியும் பூனைகளை எண்ணினால் பெரிதாகும். மருத்துவமனைக்கு வந்த பூனைகளை மட்டும் எண்ணினால் இன்னும் பெரிதாகும். எஃப்.ஐ.வி. முக்கியமாகக் கடியால் பரவுகிறது. எனவே எல்லைக்கும் பெட்டைக்கும் சண்டை போடும் கடுவன் பூனைகளிடம்தான் அது அதிகம். குடும்பமாக ஒட்டிக்கொண்டு வாழும் சாதுப் பூனைகளுக்கு எஃப்.இ.எல்.வி. ஆபத்து. சண்டைக்காரனுக்கு ஒரு வைரஸ், பாசக்காரனுக்கு இன்னொரு வைரஸ்!

கோவளத்திலிருந்து நெம்மேலி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் வரை மீனவக் குப்பங்களின் கரையில் படகு வந்து வலை பிரிக்கும் நேரத்தில் பூனைகள் கூடிவிடும். ஒரே இடத்தில் தீனி, நிறையப் பூனைகள், கருத்தடை செய்யப்படாத கடுவன்கள். எஃப்.ஐ.வி. பரவுவதற்குப் பாடநூல் சொல்லும் சூழல் இதுதான். ஆனால் 2019இல் நடந்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் மாடு, ஆடு, ஒட்டகம், யானை, முயல், நாய் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பூனைக்கு இல்லை. மொத்தம் எத்தனை என்றே எண்ணாத பிராணிக்கு நூற்றுக்கு எத்தனை என்று எப்படிச் சொல்வது?

எண்ணுவது எவ்வளவு முக்கியம் என்று உலகுக்குக் காட்டியதே செங்கல்பட்டுதான். 1968இல் தொடங்கிய காசநோய்த் தடுப்பு ஆய்வில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கிராமங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். பி.சி.ஜி. ஊசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். தடுக்கவில்லை என்று ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் காட்டியது. ஆளுக்கு ஆள் எண்ணியதால்தான் அந்த உண்மை தெரிந்தது.

பூனைகளின் நோய் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2021 ஜூனில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் 11 சிங்கங்களில் 9க்கு கொரோனா தொற்று உறுதியானது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அது ரெட்ரோவைரஸ் அல்ல, வேறு குடும்பம். ஆனாலும் பூனைக் குடும்பத்தின் நோயும் மனிதனின் நோயும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதற்கு அது ஒரு பாடம். ஸ்பெயினில் 2007இல் அழிவின் விளிம்பில் இருந்த ஐபீரிய லின்க்ஸ் காட்டுப் பூனைகளிடையே எஃப்.இ.எல்.வி. பரவி உயிர்களைப் பறித்தது.

'பாசிட்டிவ்' என்றால்?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஊரில் 1,000 பூனைகள். உண்மையில் தொற்று 2 சதவீதம், அதாவது 20 பூனைகளுக்கு. பரிசோதனைக் கருவி நல்ல கருவிதான் என்று வைத்துக்கொள்வோம். தொற்றுள்ள 100இல் 95ஐச் சரியாகப் பிடிக்கும், தொற்றில்லாத 100இல் 98ஐச் சரியாக விடுவிக்கும். இப்போது தொற்றுள்ள 20இல் 19 பிடிபடும். தொற்றில்லாத 980இல் 2 சதவீதம், அதாவது சுமார் 20 பூனைகளும் தவறாகப் பிடிபடும். மொத்தம் 39 'பாசிட்டிவ்'. அதில் பாதிக்கு மேல் பொய்!

ஒரே ஒரு பரிசோதனையை நம்பிப் பூனையைக் கருணைக்கொலை செய்யும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அப்படிக் கொல்லப்பட்ட பூனைகளில் எத்தனை தொற்றே இல்லாதவை என்பதை இந்தக் கணக்கு யோசிக்க வைக்கிறது. போதாக்குறைக்கு 2002இல் அமெரிக்காவில் எஃப்.ஐ.வி. தடுப்பூசி வந்தபோது புதிய சிக்கல் வந்தது. ஊசி போட்ட நலமான பூனைக்கும் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்றே வரும்! அந்த ஊசி பின்னாளில் வட அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இன்றைய அறிவு என்ன சொல்கிறது? எஃப்.ஐ.வி. உள்ள பூனைகள் பல, மற்ற பூனைகளைப் போலவே ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன. எஃப்.இ.எல்.வி. கொஞ்சம் கடுமையானது. அது முற்றிய பூனைகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் இறந்துவிடும். ஆனாலும் அதை உடலிலேயே அடக்கிவைக்கும் பூனைகளும் உண்டு. பரிசோதனை முடிவு ஒன்றை மட்டும் வைத்துக் கொல்லக் கூடாது என்று அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் பரிசோதனையை இன்னொரு முறையில் உறுதி செய்ய வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்பொருள் குட்டியின் ரத்தத்தில் சில மாதம் இருக்கும் என்பதால், குட்டிக்கு எஃப்.ஐ.வி. 'பாசிட்டிவ்' என்று வந்தாலும் வளர்ந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கடுவனுக்குக் கருத்தடை செய்தால் சண்டை குறையும், சண்டை குறைந்தால் கடி குறையும், கடி குறைந்தால் எஃப்.ஐ.வி. குறையும். புதிய பூனையை வீட்டில் சேர்க்கும் முன் பரிசோதிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த இரண்டு வைரஸ்களும் பூனையிடமிருந்து மனிதனுக்குத் தொற்றியதாக ஆதாரம் இல்லை. 'பூனைக்கு எய்ட்ஸ்' என்ற வார்த்தையைக் கேட்டுப் பயந்து, குழந்தைகள் இருக்கும் வீடு என்று சாக்குச் சொல்லி, சாக்கில் கட்டிக்கொண்டுபோய் வேறு ஊரில் விட்டு வருவதற்குக் காரணமே இல்லை. அப்படி விட்டு வந்தால் அந்தப் பூனை புதிய இடத்துப் பூனைகளோடு சண்டை போட்டு வைரஸைப் பரப்பும். அவ்வளவுதான் பலன்.

1986இல் ஆறு மாதிரிகளைப் பார்த்துப் பயந்த நாடு, மருந்தும் பொறுமையும் இருந்தால் எச்.ஐ.வி.யோடு வாழலாம் என்று கற்றுக்கொள்ள 20 வருடம் ஆனது. அந்தப் பாடத்தைப் பூனைகளுக்காக இன்னொரு முறை முதலிலிருந்து படிக்க வேண்டுமா என்ன? நோயை எண்ண வேண்டும், நோயாளியை ஒதுக்கக் கூடாது. மனிதனுக்கும் சரி, பூனைக்கும் சரி!